கச்சிதமாகப் பொருந்திய டாஷ்போட்

“பொருந்திட்டுது” என்றான் ஹலீம்.

முஸ்பிரா துடைத்துக்கொண்டிருந்த சாமானைக் கீழே வைத்தாள். பொருந்தக் கூடாது. போன சனிக்கிழமை அவள் அவனுக்குக் கொடுத்தது வேண்டுமென்றே எடுத்துக் கொடுத்த பிழையான டாஷ்போட்.

“வடிவாப் பாத்தீங்களா? மீற்றர் எங்க நிக்குது?”

“நல்ல உயரத்தில, நேரா என்னைப் பாத்துக்கொண்டு நிக்குது. அளவெடுத்துச் செஞ்ச மாதிரி.”

அதுதானே நடக்க முடியாத காரியம்! மொறிஸ் மைனர் காருக்கு ஐம்பத்து நாலாம் ஆண்டின் கடைசிவரைதான் வேகம் காட்டும் மீற்றர் சாரதிக்கு நேரே இருக்கும். அதன் பிறகு வந்ததெல்லாம் நடு மீற்றர். ஹலீமின் கார் ஐம்பத்தேழாம் ஆண்டு மொடல். அவள் கொடுத்ததோ ஐம்பத்து மூன்றின் டாஷ்போட்.

மன்னார் உப்புக்குளத்துப் பழைய கார்ச் சாமான் கடையில் காசுப் பக்கத்தை அவளுடைய அண்ணன், அவள் ‘நானா’ என்று கூப்பிடும் றம்ஸீன், பார்த்தான். சாமானை முஸ்பிரா பார்த்தாள். ஒரு கதவுப் பிடியைக் கையில் எடுத்தால் அது எந்த வருஷத்துக் காரில் இருந்தது என்று சொல்லிவிடுவாள். அப்பேர்ப்பட்டவள் ஏன் பிழையானதைக் கொடுத்தாள் என்று கேட்பீர்கள். வேறென்ன, ஆசைதான்.

ஹலீமுக்கு அரிப்பு என்ற கடற்கரை ஊரில் மீன்வலைக் கடை. தங்கச்சிமாரை எல்லாம் கரைசேர்த்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது தலை பாதி நரைத்திருந்தது. முஸ்பிராவும் இரண்டு சம்பந்தம் பேசி முறிந்தவள். ஒருநாள் அவன் கண்ணாடி ஏற்றி இறக்கும் பிடி கேட்டு வந்தான். அந்தப் பிடியின் பூர்வீகத்தை அவள் சொல்லச் சொல்ல, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டு நின்றான். இத்தனை வருஷத்தில் அவள் பேச்சை அப்படி யாரும் கேட்டதில்லை. அன்று பிடித்தது பைத்தியம். அவனும் சனிக்கிழமை தோறும் ஏதாவது ஒரு சாமான் கேட்டு வந்தான். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் அடுத்த சனிக்கிழமைக்கு ஏங்கத் தொடங்கிவிடுவாள்.

ஆனால், நானா பக்கத்தில் இருக்க, ஒரு அந்நிய ஆம்பிளையோடு ஒரு பொம்பிளை எதைப் பேசுவது? சாமானைத்தான் பேசலாம். காரோ இரக்கமில்லாத சாமான். இரண்டு கதவு, நாலு பேருக்குச் சீற், ஒரு ஸ்டியரிங். அவ்வளவும் வாங்கி முடிந்தால் ஹலீம் ஏன் மன்னாருக்கு வரப்போகிறான்? அதனால்தான் பிழையானதைக் கொடுத்தாள். மாற்ற வருவான், இன்னொரு சனிக்கிழமை கிடைக்கும் என்பது கணக்கு.

இப்போது பார்த்தால் பொருந்திவிட்டதாம். இரும்பு அறுக்கிற வாளால் காரின் உள்பக்கத்தை அறுத்துத்தான் இந்த மனுசன் டாஷ்போட்டை ஏற்றியிருக்க வேண்டும். அல்லாஹ்வே, தங்கமான ஐம்பத்தேழு! பாவம் முழுக்க அவள் தலையில்.

பரிகாரமாக, ஐம்பத்தேழுக்கே உரிய முன்சீற் ஒன்றை மனச்சாட்சிப்படி தேடி எடுத்துக் கொடுத்தாள்.

அடுத்த சனிக்கிழமை சீற்றைத் தலையில் சுமந்துகொண்டு பஸ்ஸால் இறங்கினான் ஹலீம்.

“பொருந்தேல்ல. கதவு சாத்தேலாமக் கிடக்கு.”

சாத்தாதுதானே! டாஷ்போட்டுக்காக அறுத்ததில் காரே கோணிப்போயிருக்கும். சரி, கெட்டது கெட்டுவிட்டது, எல்லாவற்றையும் ஒரே வருஷமாக்கிவிடலாம் என்று ஐம்பத்து மூன்றின் சீற்றைக் கொடுத்துவிட்டாள். அதுவும் திரும்பி வந்தது.

“இதுவும் கதவை மறிக்குது” என்றான், முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு.

றம்ஸீனுக்குப் பொறுமை போய்விட்டது.

“ஹலீம், உங்கட கார் ஐம்பத்தேழா, ஐம்பத்து மூண்டா, இல்லாட்டி மாட்டுவண்டிலா?”

“ஐம்பத்தேழு எண்டுதான் நினைக்கிறன்.”

“ஒரு படமாவது காட்டுங்கோவன்!”

ஹலீம் போனைத் தடவி ஒரு படத்தைக் காட்டினான். வீட்டு வளவுக்குள் நீலத் தார்ப்பாய்ப் படங்கு போர்த்த ஏதோ ஒன்று புடைத்துக்கொண்டு கிடந்தது. முஸ்பிரா எட்டிப் பார்த்தாள்.

“ஏன் மூடி வச்சிருக்கிறீங்க?”

“உப்புக் காத்தெல்லோ” என்றான் அவளைப் பார்த்து. பிறகு, “அந்த ஸ்டியரிங்கை மட்டும் ஆருக்கும் குடுத்துடாதீங்கோ. அது கடைசியா வாங்குறன்.”

“இன்னொரு சாமானும் தரேலாது!” என்று பாய்ந்தான் றம்ஸீன். “வந்தாக் காரோட வாங்கோ. இல்லாட்டி வராதீங்கோ.”

ஹலீம் போனைச் சட்டைப் பையில் போட்டான். பஸ் நிற்கும் பக்கமாக நடந்து போனான்.

அடுத்த சனிக்கிழமை அவன் வரவில்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. முஸ்பிரா துடைத்த ஸ்டியரிங்கையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். அரிப்பு பஸ் வரும் சத்தம் கேட்டால் கை நின்றுவிடும். யார் யாரோ இறங்கினார்கள். மீன் பெட்டிகூட இறங்கியது. அவனைக் காணவில்லை. சோறு இறங்கவில்லை அவளுக்கு. அவன் வேண்டும், அவ்வளவுதான். அதை யாரிடம் போய்ச் சொல்லுவாள்? மாப்பிள்ளை வீட்டார்தான் பொண்ணு கேட்டு வரவேண்டுமே தவிர, பொண்ணு போய்க் கேட்க வழியில்லை.

கேட்க வழியில்லாவிட்டாலும், கெடுத்ததைத் திருத்த வழி இருந்தது.

“நானா, அந்த மனுசனுக்கு நான் வருஷம் மாறிக் குடுத்திட்டன். கார் பழுதாப் போயிருக்கும். கடைப் பேர் கெடமுதல் போய்ச் சரிபண்ணிட்டு வருவம்.”

கடைப் பேர் என்றதும் றம்ஸீன் கடையின் வான் வண்டியை எடுத்தான். ஐம்பத்தேழின் டாஷ்போட், சீற், ஸ்டியரிங் எல்லாவற்றையும் முஸ்பிரா பார்த்துப் பார்த்து ஏற்றினாள். இன்றோடு அவன் கார் முழுமையாகிவிடும். இனி அவனுக்குக் கடைக்கு வர ஒரு காரணமும் இருக்காது. போகட்டும், அவன் காராவது நல்லா இருக்கட்டும் என்று நினைத்தபோது கண் கலங்கியது. றம்ஸீன் கேட்டதற்குத் தூசு என்றாள்.

அரிப்பில் ஹலீமின் வீட்டு வளவுக்குள் வான் நின்றது. வாசலுக்கு வந்த ஹலீம் அவளைக் கண்டான், பேயைக் கண்டவன்போலத் திரும்பி உள்ளே ஓடினான். அவனுடைய மூத்த சகோதரி ஹமீதா ஈரக் கையோடு வெளியே வந்தாள்.

“ஹலீமுக்குச் சாமான் கொண்டு வந்தனாங்க, உப்புக்குளத்துக் கடையில இருந்து” என்று சொல்லிக்கொண்டே முஸ்பிரா நேரே அந்த நீலப் படங்கிடம் போனாள். பிஸ்மில்லாஹ் சொல்லி, என்ன கோலத்தைக் காணப்போகிறோமோ என்று ஒரு முனையைத் தூக்கினாள்.

கவிழ்த்துப் போட்ட மீன்பிடி வள்ளம்.

“அது வாப்பாட பழைய வள்ளம் புள்ள” என்றாள் ஹமீதா.

“அப்ப கார் எங்க?” என்றான் றம்ஸீன்.

ஹமீதா முஸ்பிராவை மேலும் கீழும் பார்த்தாள். அவள் முகம் மெல்ல மலர்ந்தது.

“காரா? இவனுக்குச் சைக்கிள் ஓடவே பயம்! டாஷ்போட் அலுமாரிக்கு மேல பொருந்திட்டுது, சீற்தான் அறைக்கதவைச் சாத்த விடேல்ல. ‘எந்தக் கடைப் புள்ளையடா அது, நான் போய்ப் பொண்ணு கேக்கிறன்’ எண்டா, ‘பொறுங்கோ ராத்தா, இன்னும் ஸ்டியரிங் வாங்கேல்ல’ எண்டுறான்!”