பெயிண்ட் காய ஒரு வாரம்

ஆகஸ்ட் மாதக் கடைசித் திங்கட்கிழமை, ஊருக்கே விடுமுறை. அன்றைக்கு ஒரு துரும்பைக்கூட நகர்த்துவதில்லை என்று நான் முடிவு செய்துவிட்டேன்.

சும்மா செய்த முடிவு இல்லை. வருஷம் பூராவும் எங்கள் ஊர் ஆல்டர்ஃபோர்டின் பள்ளிக்கூடப் பஸ்ஸை ஓட்டுகிறவன் நான். முதுகுக்குப் பின்னால் நாற்பது பிள்ளைகள். நாற்பது தொண்டை. அந்தச் சத்தத்தில் ஓட்டி ஓட்டி, வீட்டில் என் பெண்டாட்டி மேவிஸ் திட்டுவதுகூட எனக்குத் தாலாட்டாகக் கேட்கிறது. அப்படிப்பட்டவனுக்கு ஒரு நாள் வேண்டும். ஒரு ஆறு வேண்டும். ஆற்றில் ஒரு படகு வேண்டும். படகில் நான் வேண்டும். வேறு யாரும் வேண்டாம்.

இடம்கூடப் பார்த்து வைத்திருந்தேன். பழைய மாவு மில்லுக்கு அப்பால் ஆறு ஒரு வளைவு வளையும். அங்கே ஒரு வில்லோ மரம், கிளைகளையெல்லாம் தண்ணீரில் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கும். உள்ளே படகை விட்டுவிட்டால் பச்சைத் திரை போட்ட அறை. வெயில் சல்லடையில் சலித்ததுபோல இறங்கும். நினைத்தாலே எனக்குக் கொட்டாவி வரும். ஜூலை மாதம் பூராவும் அதை நினைத்துக் கொட்டாவி விட்டுக்கொண்டேதான் பஸ் ஓட்டினேன். பிள்ளைகளைப் பெற்றவர்கள் மன்னிக்க வேண்டும்.

இப்படி நான் மனசுக்குள் படகு விட்டுக்கொண்டிருந்தபோதுதான், ஒரு நாள் காலை மேவிஸ் டீயோடு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில், அவள் டீயோடு வந்து உட்கார்ந்தால் எனக்கு நல்லது நடந்ததே இல்லை.

"என்னங்க, டாப்னி வர்றா."

டாப்னி அவள் தங்கை. லண்டனில் இருக்கிறாள். மூன்று பிள்ளைகள். போன தடவை வந்தபோது என் தூண்டிலைப் போட்டுப் பாதிரியாரின் தொப்பியைப் பிடித்த பிள்ளைகள்.

"எப்ப வர்றா?"

"சனிக்கிழமை."

"எப்பப் போறா?"

"இன்னும் வரவே இல்லை. அதுக்குள்ள போறதைக் கேக்கறீங்க?"

"வழியனுப்பப் பூ வாங்கணுமே, அதுக்குத்தான்."

"பூவெல்லாம் அப்புறம். திங்கட்கிழமை பிள்ளைங்களை நீங்கதான் வெளியில கூட்டிட்டுப் போகணும். நீராவி ரயில், வழி தப்ப வெக்கற சோளக்காட்டுச் சுத்துவழி, கழுதைக் காப்பகம், பொம்மை ஊர், எல்லாம் காட்டணும்."

"ஒரே நாள்லயா? நான் மனுஷனா, கழுதையா?"

"அதைக் காப்பகத்துல கேட்டுத் தெரிஞ்சுக்கலாம். நாப்பது பிள்ளைங்களை மேய்க்கறவருக்கு மூணு எம்மாத்திரம்?"

என் வில்லோ மரம் கண்ணெதிரே வேரோடு சாய்ந்தது. ஆனால் நான் லேசுப்பட்டவனா? ஆபத்தில்தான் எனக்கு மூளை வேலை செய்யும். மற்ற நாளில் அதற்கு விடுமுறை.

"அடடா!" என்று தலையில் கை வைத்துக்கொண்டேன். "திங்கட்கிழமை எனக்கு ரயில்ல கொடி காட்டற முறையாச்சே!"

எங்கள் ஊர் நீராவி ரயிலை நடத்துவதே சம்பளம் வாங்காத ஆட்கள்தான். நானும் பேருக்கு ஒருவன். தொப்பி இருக்கிறது. கொடி இருக்கிறது. முறைதான் இல்லை.

"அப்படியா? அப்ப நாங்க ரயில்ல வரும்போது உங்களைப் பாத்துக் கையாட்டலாம்."

"பாக்க முடியாது. காட்டுக்குள்ள இருக்கற கேட்ல போட்டிருக்காங்க. மரம் மறைச்சுடும்."

"தனியாவா?"

"தன்னந்தனியா."

மேவிஸ் என்னையே பார்த்தாள். கோபம் வரும் என்று தலையணையைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டேன். வரவில்லை. "ஊருக்கு உழைக்கறது நல்ல காரியம்தானே. நீங்க போங்க. நான் பாத்துக்கறேன்" என்று தலையைக் கோதிவிட்டு எழுந்து போனாள்.

பெண்டாட்டி சண்டை போடாமல் சம்மதித்தால் புருஷன் உடனே பயப்பட வேண்டும். நான் சந்தோஷப்பட்டேன்.

இந்த இடத்தில் பொம்மை ஊரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். எங்கள் மதுக்கடைக்குப் பின்னால் ஒரு தோட்டம் இருக்கிறது. அதில் ஆல்டர்ஃபோர்ட் முழுவதையும் சின்னதாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். மாதா கோயில் கோபுரம் என் இடுப்பு உயரம். ஆறு ஒரு சாக்கடை அகலம். கட்டைவிரல் அளவில் ஊர் ஜனங்கள். அவரவர் எப்போதும் எங்கே இருப்பார்களோ அங்கேயே நிற்பார்கள். நான் பஸ்ஸுக்குப் பக்கத்தில். பொம்மைகளுக்கெல்லாம் பெயிண்ட் அடிப்பது மேவிஸ்தான். ஒருமுறை சமையலறை மேஜையில் காய்ந்துகொண்டிருந்த இறைச்சிக்கடைக்காரரை ஆசையாக எடுத்துவிட்டேன்.

"கையை எடுங்க! அந்தப் பெயிண்ட் காய ஒரு வாரம் ஆகும்!"

எடுத்தேன். ஆனால் இன்றைக்கும் இறைச்சிக்கடைக்காரரின் வயிற்றில் என் கட்டைவிரல் ரேகை இருக்கிறது. இந்தக் கோடையில்கூட அவள் மேஜையில் ஏதோ செய்துகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் துணியைப் போட்டு மூடினாள். அடுத்தவர் தொழிலில் நான் தலையிடுவதில்லை.

திங்கட்கிழமை வந்தது. மேவிஸே என் ரயில் தொப்பிக்குத் தூசி தட்டிக் கொடுத்தாள். வெள்ளரிக்காய் சாண்ட்விச், பன்றிக்கறி பஃப், பிளாஸ்க் நிறைய டீ. பைக்குள் ஒரு குஷன்.

"குஷன் எதுக்கு மேவிஸ்?"

"கேட்ல பெஞ்சு கட்டையா இருக்கும். பாவம் உங்க முதுகு."

இப்படிப்பட்டவளையா ஏமாற்றுகிறேன் என்று ஒரு கணம் நினைத்தேன். ஒரே கணம்தான். அதற்குள் ஒரு பெரிய தகரடப்பாவையும் பைக்குள் திணித்தாள். டப்பா பூராவும் டாஃபி மிட்டாய்.

"இவ்வளவு மிட்டாயா! யாருக்கு?"

"குழந்தைங்க வந்தா குடுங்க."

"அங்க யாருமே வரமாட்டாங்களே."

"யாரு கண்டா?" என்றவள் தொப்பியை என் மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டாள். "இப்படியே வெச்சுக்கோங்க. அழகா இருக்கு."

வாசலில் டாப்னி கையாட்டினாள். "அத்தான், கொடியை வலது கையால காட்டுவீங்களா, இடது கையாலயா?"

"ரெண்டு கையாலயும்!" என்று சொல்லிவிட்டு நடந்தேன். தெரு முனை வரை ஸ்டேஷன் பக்கம். முனை திரும்பியதும் ஆற்றுப் பக்கம். பக்கத்து வீட்டு கில்பர்ட்டின் படகை முன்பே இரவல் கேட்டு வைத்திருந்தேன்.

அப்புறம் நடந்ததை எப்படிச் சொல்வேன்! படகு வில்லோ கிளைகளை விலக்கிக்கொண்டு உள்ளே போனது. கிளைகள் பின்னால் தானாக மூடிக்கொண்டன. குஷனில் தலையை வைத்தேன். தண்ணீர் படகின் அடியில் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தது. இலைக்கு இலை தாவி வந்த வெயில், என் சட்டையில் கொஞ்ச நேரம் ஆடிவிட்டுப் போனது. ஒரு தும்பி வந்து என் முழங்காலில் உட்கார்ந்தது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். எங்கேயோ மாதா கோயில் மணியை அடித்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். அதற்கும் அப்பால் நீராவி ரயில் ஒரு நீளமான ஊதல் ஊதியது. அதற்கு வேறு யாரோ கொடி காட்டிக்கொண்டிருந்தார்கள். பாவம் என்று நினைத்துக்கொண்டு தொப்பியை மூக்குக்கு இழுத்துவிட்டேன். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகமே இருண்டுவிட்டதாக நினைக்குமாம். எனக்கும் உலகம் அப்படித்தான் சுகமாக இருண்டது.

கனவிலும் படகில்தான் இருந்தேன். ஆனால் படகு வரவரச் சின்னதாகிக்கொண்டே போனது. நானும் சின்னதாகிக்கொண்டே போனேன். ஆறு ஒரு சாக்கடை அகலத்துக்கு வந்துவிட்டது. பயமே இல்லை. கட்டைவிரல் அளவு மனிதனுக்கு யார் வேலை சொல்லப் போகிறார்கள்? இப்படியே இருந்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது. அப்போது வானத்திலிருந்து மெதுவாக ஒரு பெரிய முகம் இறங்கியது. பழகிய முகம். கையில் தூரிகை. "அசையாதீங்க, மூக்கு பாக்கி இருக்கு" என்றது. சில்லென்று மூக்கில் ஏதோ பட்டது.

கண்ணைத் திறந்தேன். தும்பி மூக்கில் உட்கார்ந்திருந்தது. அதற்குப் பின்னால், வில்லோ கிளைகளை விலக்கிக்கொண்டு, உண்மையாகவே ஒரு பெரிய முகம் பார்த்துக்கொண்டிருந்தது. முகம் பூராவும் புள்ளி. நான் பார்த்தே இராத ஒரு பையன்.

"ஐயோ, முழிச்சிட்டாரு! பொம்மை தூங்குதே! இது செல்லாது!" என்று கத்தினான்.

"தம்பி, யாருப்பா நீ?"

"உங்களைக் கண்டுபிடிச்சிட்டேன். மிட்டாய் குடுங்க."

எழுந்து கிளைக்கு வெளியே எட்டிப் பார்த்தேன். கரையில் வரிசை. மில் வரைக்கும் வரிசை! கையில் பலூனும் ஐஸ்கிரீமுமாகப் பிள்ளைகள், பின்னால் அவர்களைப் பெற்றவர்கள், தள்ளுவண்டியில் ஒரு குழந்தை. எல்லோருக்கும் முன்னால் என் மைத்துனியின் மூத்தவள் ஃப்ளோரா கைகட்டி நின்றாள்.

"பெரியப்பா, இது பெரியம்மா கண்டுபிடிச்ச புது விளையாட்டு! பொம்மை ஊர்ல புதுசா ஒரு பொம்மை வெச்சிருக்காங்க. அதைக் கண்டுபிடிச்சு, அப்புறம் ஊருக்குள்ள நிஜ ஆளைக் கண்டுபிடிக்கணும். கண்டுபிடிச்சா அவரு மிட்டாய் குடுப்பாரு."

"என்ன பொம்மை?"

"வில்லோ மரத்தடியில படகு. படகுல ஒரு சோம்பேறி. மூக்கு வரைக்கும் தொப்பி."

தகரடப்பா என் காலடியில் இருந்தது. அதைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. கரையில், டாப்னியோடு ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டு, மேவிஸ் நின்றாள்.

"என்னங்க, இந்தப் பக்கமாவா ரயில் போகுது?"

"அது வந்து மேவிஸ்... தண்டவாளத்துல வெள்ளம்..."

"அதான் படகுல போய்க் கொடி காட்டறீங்களா?"

டாப்னி ஐஸ்கிரீமைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். எனக்கு ஆற்றிலேயே குதித்துவிடலாம் போல இருந்தது. முழங்கால் ஆழம்தான், மானம் முங்காது.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்று முனகினேன்.

"நீங்கதான் சொன்னீங்க."

"நானா! எப்ப?"

"தூக்கத்துல. ஜூன் மாசத்துலேர்ந்து சொல்லிட்டிருக்கீங்க. கில்பர்ட் படகு, மில்லு வளைவு, வில்லோ மரம். எந்த மரம்னுதான் புரியலை. கேட்டேன். வலது பக்கம் ரெண்டாவதுன்னு பொறுப்பா பதில் சொன்னீங்க."

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. நான் சொந்தக் குறட்டையில் வைத்துக்கொண்டேன்.

"சரி, கண்டுபிடிச்சாச்சு. வீட்டுக்குப் போலாமா?"

"எங்க போறது? விளையாட்டு வெள்ளிக்கிழமை வரைக்கும் இருக்கு. வெளியூர்லேர்ந்தெல்லாம் வர்றாங்க. காலைல பத்து மணிக்குப் படுத்தா சாயங்காலம் அஞ்சு மணிக்கு எந்திரிக்கலாம். நடுவுல முழிக்கக் கூடாது, செல்லாதுன்னு அழுவாங்க. ஊருக்கு உழைக்கறது நல்ல காரியம்தானே?"

படுத்தேன். தூங்குவது மாதிரி நடிப்பது எவ்வளவு பெரிய வேலை என்று உங்களுக்குத் தெரியாது. மூக்கு அரிக்கும், சொறியக் கூடாது. தும்மல் வரும், விழுங்க வேண்டும். கண்ணை மூடியபடியே கையை நீட்டி மிட்டாய் கொடுக்க வேண்டும். "நிஜமாவே தூங்கறாரான்னு பாரு" என்று ஒருத்தி காதில் புல்லை விட்டாள். இன்னொருவன் குறட்டை கேட்கவில்லை என்று புகார் செய்தான். குறட்டையும் விட்டேன். எனக்கு உலகத்திலேயே பிடித்த ஒரே காரியத்தை மேவிஸ் உத்தியோகமாக மாற்றிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை தூறல் போட்டது. எங்கள் ஊரில் மழைக்காக யாரும் எதையும் நிறுத்துவதில்லை. குடை பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். நான் குடை இல்லாமல் தூங்கினேன். பொம்மைக்குக் குடை இல்லையாம். சாயங்காலம் சொட்டச் சொட்ட வீட்டுக்கு வந்து, சமையலறையில் மேவிஸின் எதிரில் நின்றேன்.

"மேவிஸ், ஒரு விண்ணப்பம். நாளைக்கு நான் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போறேன்."

"எங்க?"

"எங்க வேணாலும். ரயில், சோளக்காடு, கழுதை. எல்லாக் கழுதையையும் காட்டறேன்."

"வேண்டாங்க. உங்களுக்குச் சிரமம். சுகமாப் படகுல படுத்திருக்கறவரை நான் ஏன் எழுப்பணும்?"

"நான் கெஞ்சிக் கேக்கறேன் மேவிஸ்!"

"மூணும் மூணு பக்கம் ஓடும்."

"தோள்ல தூக்கிக்கறேன்!"

அவள் பெருமூச்சு விட்டாள். "நீங்க இவ்வளவு ஆசைப்படும்போது நான் எப்படி வேண்டாம்னு சொல்றது? ஆனா வர்ற பிள்ளைங்க ஏமாந்துபோகுமே. ராத்திரி முழிச்சு உக்காந்து வேற பொம்மை செஞ்சு மாத்தி வெக்கணும். உங்களுக்காகச் செய்யறேன், போங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. தப்பித்தேன்! நானே பேசி, நானே வாதாடி, கடைசியில் ஜெயித்தும்விட்டேன். அன்றிரவு வாயில் கைக்குட்டையை அடைத்துக்கொண்டு தூங்கினேன்.

புதன்கிழமை காலை மூன்று பிள்ளைகளோடும் கிளம்பினேன். மேவிஸ் வாசல்வரை வந்து, புதிதாக ஒரு டப்பா மிட்டாயைக் கையில் கொடுத்தாள். முதலில் பொம்மை ஊர். உள்ளே போனதும் நேரே ஆற்றங்கரைக்குப் போய்க் குனிந்தேன். வில்லோ மரம் இருந்தது. படகு இருந்தது. படகில் ஆள் இல்லை. ஏனோ எனக்கு அந்தச் சோம்பேறியின் மேல் பாசம் பொங்கியது.

"பெரியப்பா, இங்க பாருங்க! நீங்க இங்க இருக்கீங்க!" என்று ஃப்ளோரா கத்தினாள்.

பொம்மை ரயில் ஸ்டேஷன். பிளாட்பாரத்தில் நான். தோளில் ஒரு பிள்ளை, இரண்டு கையிலும் ஒவ்வொன்று, தலையில் கவிழ்ந்த ஐஸ்கிரீம். பிள்ளைகளின் சட்டை நிறம்கூடச் சரியாக இருந்தது. பாவம் மேவிஸ், ராத்திரி பூராவும் எனக்காகக் கண்விழித்திருக்கிறாளே என்று உருகிப்போய்க் கட்டைவிரலை நீட்டி மெல்லத் தொட்டேன்.

பெயிண்ட் நன்றாகக் காய்ந்திருந்தது.