பலாலி மட்றிகல்

"பலாலி இல்லை, தம்பி! ஃபலாலா! பல்லை உதட்டிலை வைச்சு, காத்தை விட்டுச் சொல்லும்."

"ஓம் மாஸ்ரர். பலாலி!"

ஏர்னெஸ்ட் மாஸ்ரர் தலையில் கை வைத்தார்.

அரியாலைத் தேவாலயப் பாடகர் குழுவில் அடிக்குரல் பாடிய லியோன், கனடா விசா கிடைத்ததும் சொல்லாமல் கொள்ளாமல் பறந்துவிட்டான். அவனுக்குப் பதிலாக மாஸ்ரர் பிடித்து வந்த செந்தூரன், பலாலி ஊருக்குப் போகும் பஸ்ஸில் கொண்டக்ரர். யாழ்ப்பாண பஸ் நிலையத்தில் அவன் "பலாலி, பலாலி" என்று கூவினால் சுன்னாகத்தில் நிற்கிறவனும் திரும்பிப் பார்ப்பான். குரல் தங்கம். நாக்குத்தான் ரூட்டை மாற்ற மறுத்தது.

தேவாலய விழாவில் பாட வேண்டியது ஒரு மட்றிகல். நானூறு ஆண்டுகளுக்கு முந்திய ஐரோப்பியக் காதல் பாட்டு. ஐந்து குரல்கள் ஆளுக்கொரு பக்கமாய்ப் புறப்பட்டு, ஒன்றையொன்று துரத்தி, கடைசியில் "ஃபலாலா" என்று ஒன்றுசேர வேண்டும். கீர்த்தனையைத் தவிர வேறொன்றும் பாடியறியாத குழுவுக்கு இது பெரிய துணிச்சல்.

"ஏதும் வெக்கக்கேடு நடந்தால் குழுவை நதானியேலிட்டைக் குடுத்திடுங்கோ" என்று போதகர் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். நதானியேல், கீபோர்ட்டில் பொத்தானை அழுத்தினால் போதும், தாளம் தானாக வரும் என்று நம்புகிறவர். முப்பது வருடம் வளர்த்த குழுவை அவர் கையில் கொடுக்க மாஸ்ரர் தயாராயில்லை.

"ஃபலாலா"வை மாஸ்ரர் தமிழில் எழுதிக் கொடுத்துப் பார்த்தார். செந்தூரன் ஆய்த எழுத்தையும் விட்டுவைக்காமல் "அக்பலாலி" என்றான்.

பிறகு அவன் காதருகே நின்று, "பலாலி இல்லை, பலாலி இல்லை" என்று நாள்தோறும் தாளம் தட்டிச் சொல்லிக் கொடுத்தார். மற்றவர்கள் சிரித்துச் சிரித்துத் தங்கள் வரியையும் கோட்டைவிட்டார்கள்.

கடைசியில் மாஸ்ரர் கைவிட்டார். "தம்பி, மேடையிலை நீர் வாயை மட்டும் அசையும். அடிக்குரலை முன்னுக்கு நிண்டு நானே பாடுறன்."

"பெரிய ஆறுதல் மாஸ்ரர்" என்றான் செந்தூரன்.

விழா அன்று மண்டபம் நிறைந்து வழிந்தது. முன்வரிசையில் கொழும்பிலிருந்து வந்த சங்கீத விரிவுரையாளர் அம்மா, அவருக்குப் பக்கத்தில் போதகர். பாட்டுத் தடங்கலில்லாமல் போனது. கடைசி அடியும் வந்தது.

"பலாலி, பலாலி, பலாலி!"

பின்வரிசையில் ஒருவர் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தேவிட்டார்.

மாஸ்ரர் செந்தூரனை எரித்துவிடுவதுபோல் பார்த்தார். அவன் முழி பிதுங்க நின்றான். கெட்டது குடி! போதகர் முகம் இறுகியது. நதானியேல் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டார்.

விரிவுரையாளர் அம்மா கை தட்டிக்கொண்டே மேடைக்கு ஏறினார்.

"அருமை மாஸ்ரர்! அந்தக் காலத்திலையும் தெருவிலை கூவி விக்கிற சத்தத்தைப் பல குரல் பாட்டிலை சேர்த்தவை. நீங்கள் எங்கடை பஸ் ஸ்ராண்டையே சேர்த்திட்டியள்!"

போதகர் அவசரமாகக் கை தட்டினார். மண்டபமும் தட்டியது. நதானியேல் உட்கார்ந்துவிட்டார். மாஸ்ரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது, கண்கூடக் கலங்கியது.

மேடைக்குப் பின்னால் செந்தூரனைக் கட்டிப்பிடித்தார். "வாயை மட்டும் அசையும் எண்டு சொன்னனான். கேட்டீரே? பரவாயில்லை, மன்னிச்சிட்டன். உம்மடை பிழைதான் இண்டைக்கு என்னைக் காப்பாத்தினது."

செந்தூரன், மேல்குரல் பாடிய பியாட்றிஸைப் பார்த்தான். அவள் மாஸ்ரரின் மனைவி. சிரிப்பை அடக்கிக்கொண்டு கிட்ட வந்தாள்.

"இஞ்சருங்கோ, பொடியன் மூச்சுக்கூட விடேல்லை. பலாலிக்கு ஆள் கூப்பிட்டது நீங்கள்."