கள்ளிப்பால் வைத்தியம்

தோட்டம் போடப்போவதாகக் கடிகாரக்காரர் அறிவித்தபோது, அவர் மனைவி திருத்திக்கொண்டிருந்த விடைத்தாள் கட்டை ஓரமாக வைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நம்ப முடியாத விடைகளை நிறையப் பார்த்தவர். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் கணவர் குனிந்து எடுத்த மிகப் பெரிய பொருள், கடையில் உருண்டோடிய ஒரு திருகாணி.

"நல்லதுதானே, போடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த தாளை எடுத்துக்கொண்டார்.

கடிகாரக்காரர் நர்சரிக்குப் போய், வேலை வைக்காத செடியாகக் கேட்டார். நர்சரிக்காரர் முள் இல்லாத ஒரு கள்ளியைக் காட்டினார். தண்ணீர் தேங்காத மண்ணும் நல்ல வெயிலும் போதுமாம். உரம் கேட்காது. ஆடு மாடு வாய் வைக்காது. தினமும் தண்ணீர் ஊற்றினால்தான் செத்துப்போகும். பூத்து முடிந்த தண்டுகளை அடியோடு வெட்டிவிட்டால் தூரிலிருந்து புதிதாகத் துளிர்த்து, வருஷக்கணக்கில் நிற்கும். ஒரே ஒரு தொல்லை, வெட்டுகிற இடத்தில் பால் வடியும். தோலில் பட்டால் எரிச்சல், கண்ணில் பட்டால் பெரிய வம்பு. இதைக் கேட்டதும் எல்லாரும் செடியைக் கீழே வைத்துவிடுவார்கள். கடிகாரக்காரர் இன்னொன்றும் சேர்த்து வாங்கினார்.

காரணம் சமையலறையில் இருந்தது. அந்த வீட்டில் ஒற்றைப்படைத் தேதிகளில் சாயங்காலப் பாத்திரம் அவர் பொறுப்பு, இரட்டைப்படைத் தேதிகளில் டீச்சர் பொறுப்பு. சில மாதங்களில் முப்பத்தொன்றும் மறுநாள் ஒன்றும் அடுத்தடுத்து வந்து அவர் தலையிலேயே விழும். இந்தக் கொடுமையை அவர் எங்கே போய்ச் சொல்வார்? சுவர்க் காலண்டரைத்தான் முறைப்பார். வேறு எதையும் முறைக்கிற தைரியம் அவருக்குக் கிடையாது.

செடிகள் பிடித்துக்கொண்டன. ஜல்லி கலந்த மேட்டில் சொகுசாக நின்று, மஞ்சளும் பச்சையுமாகப் பூத்து, பூத்தும் முடித்தன. அன்றைக்குத் தேதி மூன்று. கடிகாரக்காரர் சாப்பிட்டு முடித்ததும் கத்தரிக்கோலோடு தோட்டத்துக்குப் போனார். ஐந்து நிமிஷத்தில் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டியபடி, கண்ணுக்குத் தெரியாத தாம்பாளத்தைத் தூக்கி வருகிறவர் மாதிரி வந்தார்.

"பால் பட்டிருச்சு" என்றார்.

மணிக்கட்டு சிவந்துதான் இருந்தது. கடையில் கடிகாரப் பட்டை தேய்க்கிற பிரஷ்ஷால் நாலு இழுப்பு இழுத்தால் யாருக்கும் சிவக்கும். டீச்சர் உச்சுக்கொட்டிவிட்டுத் தானே பாத்திரத்தைக் கழுவினார். கடிகாரக்காரர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். இப்படி ஒரு நிம்மதியை அவர் அனுபவித்து எத்தனையோ நாளாகியிருந்தது.

ஐந்தாம் தேதியும் பால் பட்டது. ஏழாம் தேதியும் பட்டது. உள்ளதைச் சொல்வதானால், அவர் அந்தச் செடியை ஒரு தடவைகூட வெட்டவில்லை. பாலென்றால் அவருக்கு நிஜமாகவே பயம். இரண்டடி தள்ளி நின்று, வெறும் காற்றை வெட்டிவிட்டு வருவார்.

ஒன்பதாம் தேதி டீச்சர் கேட்டார், "செடிக்கு ஒத்தைப்படை நாள்லதான் கத்திரி போடணுமா?"

"ஆமா. இரட்டைப்படை நாள்ல அது ஓய்வெடுக்கணும்."

"ஓஹோ" என்றார் டீச்சர். அவர் வகுப்பில் படித்த பிள்ளையாக இருந்தால் அந்த ஓஹோவுக்கே பாதி உண்மையைக் கக்கியிருக்கும். கடிகாரக்காரர் அவரிடம் படிக்கவில்லை, வாழ்க்கைப்பட்டுத்தான் இருந்தார்.

மறுநாள் காலை டீச்சர் தோட்டத்தைச் சுற்றி வந்தார். காய்ந்துபோன பூந்தண்டெல்லாம் அப்படியே நின்றது. கீழே ஒரு துண்டுகூட விழுந்திருக்கவில்லை. பிறகு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிப் போனார்.

பதினோராம் தேதி கடிகாரக்காரர் வழக்கம்போலக் கையை நீட்டிக்கொண்டு உள்ளே வந்தால், கூடத்தில் பக்கத்து வீட்டு நர்சம்மா உட்கார்ந்திருந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் தோல் வார்டில் இருப்பவர். டீச்சர்தான் கவலையோடு கூட்டி வந்திருந்தார்.

கடிகாரக்காரர் பின்வாங்கவில்லை. ஆஸ்பத்திரி ஆளே பார்த்து உறுதி செய்துவிட்டால் ஆயுசுக்கும் கவலையில்லை என்று ஒரு நப்பாசை.

"எதுவரைக்கும் பட்டுச்சு அண்ணே?" என்று நர்சம்மா கேட்டார்.

"முழங்கை வரைக்கும்" என்றார் கடிகாரக்காரர். செய்வதைத் திருந்தச் செய்கிறவர்.

நர்சம்மா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பயப்பட ஒன்றுமில்லை என்றார். கள்ளிப்பால் பட்டால் சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் நிதானமாகக் கழுவ வேண்டும், அதுதான் முதல் வைத்தியம். பட்டதும் கழுவாமல் சும்மா உட்காருவதுதான் கெடுதல். சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கடிகாரக்காரர் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். பால் பட்டது என்றால் கையைத் தண்ணீரில் விட வேண்டும். படவில்லை என்றால் பொய் சொன்னதாகிவிடும், அதற்கப்புறம் எல்லாத் தேதியும் ஒற்றைப்படைதான். எந்தப் பக்கம் போனாலும் வழி குழாயடியில்தான் முடிந்தது.

"நான் வேணும்னா தோட்டத்துக் குழாயில கழுவிக்கிறேனே" என்று ஈனசுரத்தில் சொல்லிப் பார்த்தார்.

"அங்க சோப்பு இல்லீங்க" என்றார் டீச்சர். "இங்க தொட்டியில எல்லாம் கரைச்சு வெச்சிருக்கேன். முழங்கை வரைக்கும்னு சொன்னீங்களே, அதான் பெரிய குக்கரை முதல்ல வெச்சேன். கையை நல்லா உள்ள விட்டுத் தேய்ங்க."