முதல் துப்பாக்கிக்கு யோசனை சொல்பவர்

எங்கள் பென்சில்வேனியா மலைக்காடுகளில் மானுக்கு ஒரு பருவம் உண்டு, கரடிக்கு ஒரு பருவம் உண்டு, வான்கோழிக்குக்கூட வருஷத்தில் இரண்டு பருவம் உண்டு. பருவமே இல்லாமல் வருஷம் முழுக்கத் திரியும் ஒரு ஜீவனைப் பற்றித்தான் இப்போது சொல்லப்போகிறேன். அதைப் பார்க்க நீங்கள் பனியில் கால் புதைய நடக்க வேண்டாம், மரத்தின் மேல் ஏறி உட்கார்ந்து மூக்கு விறைக்க வேண்டாம். இருபத்திரண்டு வருஷமாக நான் நிற்கும் வேட்டைச் சாமான் கடைக்கு வந்து, கவுன்ட்டரில் கையை ஊன்றி, சற்றே உரக்க, "முதல் தடவையா ஒரு துப்பாக்கி வாங்கலாம்னு இருக்கேன்" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். காபி மெஷின் பக்கத்திலிருந்து அது எழுந்து வரும்.

அதிலும் நீங்கள் வாங்க வந்தது, குழலின் வாய் வழியாக மருந்தைக் கொட்டி, குண்டைத் திணித்து, கோலால் கெட்டிக்கும் பழைய பாணித் துப்பாக்கி என்றால், போச்சு. தோட்டா போட்டுச் சுடும் சாதாரணத் துப்பாக்கிக்கு யோசனை சொல்ல அரை மணி நேரம் போதும். இதிலோ மருந்து தனி, குண்டு தனி, குண்டைச் சுற்றும் எண்ணெய்த் துணி தனி, பொறி பறக்க வைக்கும் கல் தனி. ஒவ்வொன்றுக்கும் ஒரு யோசனை, அந்த யோசனையை நம்பிக் கெட்டவர்களின் கதை ஒன்று. யோசனை சொல்பவருக்கு இதைவிடத் தீனி வேறு என்ன வேண்டும்?

எங்கள் கடையில் இந்த இனத்துக்கு உதாரண புருஷர் டெல்மார் ஃபெட்டரால்ஃப். மர அறுவை ஆலையிலிருந்து ஓய்வு பெற்று ஒன்பது வருஷம் ஆகிறது. கெட்டிக்கும் துப்பாக்கி மட்டும் வீட்டில் பதினொன்று வைத்திருக்கிறார். சுட்ட மான்? மூன்று. ஆனால் அந்த மூன்றையும் அவர் வாயால் கேட்டால், எங்கள் மாவட்டத்தில் இன்னும் மான் மிச்சமிருப்பதே அதிசயமாகத் தோன்றும். நல்ல மனுஷர், அதில் சந்தேகமே வேண்டாம். உங்கள் வண்டி பனியில் சிக்கினால் இழுத்துவிட முதல் ஆளாக வருவார். சங்கிலியை எப்படிக் கட்டியிருக்க வேண்டும் என்று இழுத்து முடிக்கும்வரை சொல்லிக்கொண்டும் இருப்பார்.

இந்த இனத்தின் முதல் லட்சணம், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாதது. "இது எவ்வளவு கனம் இருக்கும்?" என்று நீங்கள் கேட்கிறீர்கள். கனத்தைச் சொல்லிவிட்டால் பேச்சு முடிந்துவிடுமே? ஆகவே அவர் துப்பாக்கியைக் கையில் வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு குழலை மேலும் கீழும் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, உள்ளே ஓடும் முறுக்கு வரி எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று உங்களையே திருப்பிக் கேட்டு, நீங்கள் விழிப்பதைப் பார்த்து மகிழ்ந்து, உருண்டைக் குண்டுக்கு ஒரு முறுக்கு, நீளக் குண்டுக்கு ஒரு முறுக்கு என்று விளக்கி, தன் மச்சான் தப்பான முறுக்கு வாங்கி எட்டு முனைக் கொம்பு வைத்த கலைமானைத் தவறவிட்ட சோகத்தைச் சொல்லி, அந்த மச்சானோடு இப்போது பேச்சுவார்த்தை ஏன் இல்லை என்பதையும் சொல்லி, துப்பாக்கியைத் திரும்ப உங்கள் கையில் வைப்பார். கனம் என்னவோ கேட்டீர்களே? கையில்தானே இருக்கிறது, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது லட்சணம், எதையும் மட்டம் என்று வாய்விட்டுச் சொல்லாதது. உங்களுக்குப் பிடித்த ஒன்றை நீங்கள் எடுத்தால், அவர் ஒரு வாய் காபி குடிப்பார். பிறகு, "ஒண்ணும் குறை சொல்லல. அதுவே போதும்னு உனக்குத் தோணிச்சுன்னா தாராளமா வாங்கிக்கோ" என்பார். இந்த இரண்டு வாக்கியத்துக்குப் பிறகும் அதே துப்பாக்கியை வாங்கிப் போனவரை நான் பார்த்ததில்லை. ஆறடி உயர மரவெட்டிகள்கூடச் சத்தமில்லாமல் அதைப் பழைய இடத்திலேயே மாட்டிவிட்டு, கையுறை ஒன்று வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்.

போன நவம்பரில் இப்படி டெல்மாரிடம் அகப்பட்டவள் நேடீன் கீஃபர். பள்ளியில் எனக்கு இரண்டு பெஞ்சு தள்ளி உட்கார்ந்து படித்தவள். இப்போது அதே பள்ளிக்கு பஸ் ஓட்டுகிறாள். ஒரு நாள் மாலை பிள்ளைகளை இறக்கிவிட்டு நேராகக் கடைக்கு வந்து, தொப்பியைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்:

"பதினெட்டு வருஷமா அடுத்தவங்க சுட்ட மானை வெட்டிப் பொட்டலம் கட்டிக்கிட்டிருக்கேன். இந்த வருஷம் என் மானை நான் வெட்டணும்."

அவள் சொன்னதில் கொஞ்சமும் மிகையில்லை. நவம்பர் கடைசியில் பெரிய வேட்டை தொடங்கியதும், அவள் புருஷனும் அவன் தம்பிகள் மூவரும் காட்டுக்குப் போய்விடுவார்கள். நேடீன் வாரநாளில் பஸ்ஸில். சனிக்கிழமையில் நால்வரின் மானும் அவள் சமையலறை மேஜைமேல். கிறிஸ்துமஸ் விடுமுறை ஒரு வாரம்தான் அவள் கையில் இருப்பது. அந்த வாரத்தில் எங்கள் மாநில விதிப்படி, கல்லை உரசிப் பொறி பறந்து சுடும் சக்கிமுக்கித் துப்பாக்கி மட்டும்தான் காட்டுக்குள் போகலாம். அதற்குள் அவள் வீட்டு ஆண்களெல்லாம் சுட வேண்டியதைச் சுட்டுவிட்டு சோபாவில் சாய்ந்திருப்பார்கள், காட்டிலும் கூட்டம் குறைந்திருக்கும். ஒரு வாரம், ஒரு துப்பாக்கி, ஒரு மான். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

கடையில் அப்போது சக்கிமுக்கித் துப்பாக்கி மூன்றே மூன்று இருந்தன. மூன்றில் ஒன்றை எடுக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று நினைக்கிறீர்கள்? மூன்று வாரம் ஆயிற்று.

முதல் வாரம், தூரக்கண்ணாடி மாட்டிய புதுரகக் கெட்டிக்கும் துப்பாக்கிகளைப் பற்றி டெல்மார் விலாவாரியாக விளக்கினார். அவள் போகும் வாரத்தில் அவற்றை எடுத்துக்கொண்டு போகவே கூடாது என்பதை வெள்ளிக்கிழமை சொன்னார். இரண்டாம் வாரம் மருந்துக்குப் போயிற்று, மூன்றாம் வாரம் கல்லுக்கு. நேடீன், பாவம், பஸ்ஸுக்கு எண்ணெய் மாற்றிய தேதிகளை எழுதி வைக்கும் நோட்டுப் புத்தகத்தில் ஒன்று விடாமல் எழுதிக்கொண்டாள். டெல்மார் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "முறுக்குங்கிறதுக்குக் கீழே ரெண்டு கோடு போடும்மா" என்று திருத்தியும் கொடுத்தார்.

கடைசியில் ஒரு நாள் அவளே பொறுமையிழந்து, வரிசையின் ஓரத்தில் தொங்கிய துப்பாக்கியை எடுத்துத் தோளில் வைத்துப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

"இது எனக்குன்னே செஞ்சா மாதிரி உட்காருதே!"

டெல்மார் ஒரு வாய் காபி குடித்தார்.

"ஒண்ணும் குறை சொல்லல. ஆனா நாலு வருஷமா அது அங்கேயேதான் தொங்குது. காரணம் இல்லாமலா ஒருத்தரும் தொடல? நல்லாப் பாரு, நெருப்புப் பிடிக்கிற கிண்ணியே தப்பான பக்கத்துல இருக்கு."

"தப்பான பக்கமா?"

"போகப் போக உனக்கே புரியும்மா."

நேடீன் அதைத் திரும்ப மாட்டிவிட்டாள். டெல்மார் கைகாட்டிய, வாதுமைக் கட்டையும் பித்தளைப் பூணும் போட்ட அழகான துப்பாக்கியை வாங்கிக்கொண்டு போனாள். நான் என்ன செய்தேன் என்கிறீர்களா? டெல்மார் சொன்னது எனக்கும் சரியாகத்தான் பட்டது.

டிசம்பர் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊர் மன்றத்தின் சுடுகளத்தில் நேடீனுக்குப் பயிற்சி. நானும் போயிருந்தேன். கண்ணுக்குக் கண்ணாடி போட்டு, துப்பாக்கியைத் தோளில் வைத்து, விசையை இழுத்தாள். நெருப்பு எழுந்தது, புகை எழுந்தது, எதிரே கட்டியிருந்த காகிதம் அப்படியே இருந்தது.

"கண்ணை மூடிட்டே" என்றார் டெல்மார்.

"முகத்துலயே அடிக்குது, டெல்மார்."

"எல்லாருக்கும் முதல்ல அப்படித்தான். பழகிடும்."

பிறகு தொடங்கியது வைத்தியம். கிண்ணியில் மருந்தைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார். கல்லைத் தலைகீழாகத் திருப்பிப் பொருத்தினார். தொப்பியைப் புருவம்வரை இறக்கிவிடச் சொன்னார். மூச்சை இழுத்துப் பிடி என்றார், அடுத்த குண்டுக்கு விட்டுவிடு என்றார். பதினான்கு முறை சுட்டாள். ஒரே ஒரு குண்டு காகிதத்தில் பட்டது, அதுவும் பக்கத்து ஆள் கட்டிய காகிதத்தில். ஒரு புருவம் பாதி பொசுங்கிவிட்டது, கன்னத்தில் மூன்று கரும்புள்ளிகள். டெல்மார் துப்பாக்கியை வாங்கித் துடைத்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்: "துப்பாக்கி மேல ஒரு குத்தமும் இல்ல. ஆளுக்குத்தான் பயம்."

அது எனக்கே சுருக்கென்று தைத்தது. வண்டியில் ஏறும்போது நேடீன் என்னிடம், "எனக்கு இது சரிப்படாது போலிருக்கு. எப்பவும்போல அவங்க மானையே வெட்டிட்டுப் போறேன்" என்றாள்.

டிசம்பர் இருபத்தாறாம் தேதி காலை. பருவம் திறந்த நாள், ஆகவே யோசனை சொல்பவர்கள் அத்தனை பேரும் காட்டில். கடை வெறிச்சோடிக் கிடந்தது. நேடீன் துப்பாக்கிப் பெட்டியோடு உள்ளே வந்தாள்.

"நேத்து மத்தியானம் எல்லாரும் தின்னுட்டுத் தூங்கிட்டாங்க. நான் இதைச் சும்மா எடுத்துத் தோள்ல வெச்சுப் பார்த்தேன். இடது தோள் கன்னிப்போய் வலிச்சுது, சரின்னு வலதுல வெச்சேன். வெச்சா கிண்ணி மூக்குக்கு அந்தப் பக்கம் போயிடுச்சுடா!"

எனக்கு உடனே புரியவில்லை. அவள் கையை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இது என்ன கை? எட்டாங்கிளாஸ்ல உன் நோட்டுல மையைக் கொட்டினது எந்தக் கை?"

இடது கை.

நேடீன் இடது கைக்காரி. வழக்கமான சக்கிமுக்கித் துப்பாக்கியில் நெருப்பு வலப்பக்கம் எரியும், ஏனென்றால் அவை வலது தோளில் வைத்துச் சுடுகிறவர்களுக்காகச் செய்யப்பட்டவை, அவர்கள் முகம் அந்தப் பக்கம் இருக்காது. இடது தோளில் வைத்தால் அதே நெருப்பு மூக்குக்கு முன்னால். ஓரத்தில் நாலு வருஷமாகத் தொங்கியது ஒன்றுதான் இடது கைக்காரர்களுக்கானது. டெல்மார் சொன்ன தப்பான பக்கம் அதுதான். மூன்று வாரம் அவள் எங்கள் கண்ணெதிரே இடது கையால் பக்கம் பக்கமாக எழுதினாள். அவளோடு படித்த நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். பயமாம் பயம்! முகத்துக்கு நேரே பதினான்கு முறை நெருப்பு வைத்துக்கொண்டு நின்றவள் அவள். டெல்மாராக இருந்தால் இரண்டாவது முறை சுட்டிருப்பாரா? வெட்கத்தில் எனக்குக் காது சூடாகிவிட்டது.

"அந்தத் தப்பான பக்கத்துத் துப்பாக்கியை எடு" என்றாள்.

சுட்ட துப்பாக்கியைத் திரும்ப எடுப்பதில்லை என்று எங்கள் கடையில் ஒரு பலகை உண்டு. அன்று அது என் கண்ணில் படவில்லை. எடுத்துக் கொடுத்தேன். கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தேனா? "நேடீன், மருந்து மட்டும் கொஞ்சம்..." என்று ஆரம்பித்தேன்.

"வாயை மூடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

நாலு நாள் கழித்து அவள் பிக்கப் வண்டி கடை வாசலில் வந்து நின்றது. பின்னால் ஒரு பெண்மான், கொழுத்தது, ஒரே குண்டில் விழுந்தது. டெல்மார் காபிக் கோப்பையோடு வெளியே போய் வண்டியை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தார். சீட்டின் மேல் கிடந்த துப்பாக்கியைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஒண்ணும் குறை சொல்லல. ஆனா வெட்டறப்போ மட்டும் பின்தொடையை முதல்ல..."

"டெல்மார், நீங்க இதுவரைக்கும் எத்தனை மான் வெட்டியிருக்கீங்க?"

"மூணு."

"நான் அறுபத்தி ரெண்டு. அத்தனையும் ஊரான் மான். இதுதான் என்னோடது."

டெல்மார் வாயடைத்து நின்றதை என் சர்வீஸிலேயே முதல் தடவையாக அன்றுதான் பார்த்தேன். ஆனால் இந்த இனம் அத்தனை சுலபத்தில் அழிகிற இனமா? மறு வாரமே, "இடது கைக்காரங்களுக்கு அதுதான் சரின்னு நான் நேடீன்கிட்ட..." என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். இப்போதெல்லாம் யார் வந்தாலும் முதலில் "எந்தக் கை?" என்று கேட்கிறார். பதிலுக்குக் காத்திருப்பதில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். மூன்று வாரமாக ஒருவருக்குக்கூட அதைக் கேட்கத் தோன்றவில்லையா என்று எங்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்கிறீர்கள். அடித்துக்கொள்ளுங்கள், எங்களுக்கு வேண்டியதுதான். எங்கள் ஊரில் துப்பாக்கி, உங்கள் ஊரில் அது ஸ்கூட்டராகவோ கிரைண்டராகவோ பக்கத்து வீட்டுப் பிள்ளை சேரப்போகிற காலேஜாகவோ இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நேடீன் கடைக்குள் வந்ததிலிருந்து நீங்களும் கூடவேதான் நின்றீர்கள். எதை வாங்கினால் அவளுக்கு நல்லது என்று உங்களுக்குள்ளும் ஒரு யோசனை ஓடியிருக்கும். டெல்மார் பயம் என்று சொன்னபோது, ஐயோ பாவம், பயந்துவிட்டாள் போலிருக்கிறது என்று நீங்களும் கொஞ்சம் இரங்கியிருப்பீர்கள். அவள் எந்தக் கைக்காரி என்று நீங்களும் கேட்கவில்லையே.