வெப்பமானி பத்திரமாக இருக்கும் அறை

“கூட்டத்தை மாட்டுக் கொட்டகையில வைங்க சார்.”

இந்தக் கோரிக்கையை மட்டும் எக்காரணம் கொண்டும் கேட்டுவிடாதே என்று, அங்கே மாடு பார்க்கும் அம்மா சொல்லித்தான் அனுப்பினாள். கேட்டுவிட்டேன். பசுக்களின் துயர் துடைப்பதற்காகக் குளிர்சாதன அறையில் சால்வை போர்த்திக்கொண்டு நடுங்கும் தியாகிகள், எங்கள் பண்ணையின் ‘பசுக் குளிரூட்டல் குழு’வைத் தவிர இப்பூவுலகில் வேறெங்கும் இல்லை. அவர்களைப் போய் வெயிலுக்குக் கூப்பிடலாமா?

மேலாளர் பதறினார். “அங்க எப்படிம்மா உட்கார்றது? வெந்து போயிடுவோம்.”

“மாடும் உட்காரல சார். நின்னுக்கிட்டே நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சு வாங்குது.”

“சூடு எங்கம்மா இருக்கு?” சுவரைக் காட்டினார்.

அங்கே தொங்கியது, கொட்டகைக்கென்று தருவிக்கப்பட்ட வெப்பமானி. கொட்டகையில் மாட்டினால் சூட்டில் கெட்டுப்போகும் என்ற தொலைநோக்கால் இங்கே ‘பாதுகாக்கப்படுகிறது’. முள் சிவப்புக் கோட்டைத் தாண்டினால்தான் கொட்டகையின் மின்விசிறியும் தண்ணீர்த் தெளிப்பானும் ஓடலாம் என்பது விதி. முள் இந்தக் கோடை முழுக்க ஒழுக்கமாக இருந்தது. ஆக, பண்ணையில் கோடையே வரவில்லை என்பது அறிவியல்பூர்வமாக நிரூபிக்கப்பட்டுவிட்டது.

“அப்ப பால் ஏன் சார் குறையுது?”

“அதுக்குத்தானே கூட்டம்,” என்றார் கணக்காளர். “உங்கம்மா மாட்டு மேல வாளி வாளியாத் தண்ணி ஊத்துறாங்க. மாடு மிரண்டு பாலை அடக்கிடுது. நாளையிலேருந்து அவங்க வேலைக்கு வர வேணாம்.”

“அந்தத் தண்ணிதான் சினைமாட்டை உசுரோட வச்சிருக்கு.”

“படிச்ச பொண்ணு நீ. உங்கம்மா மாதிரியே பேசுறியே?” பண்ணை மருத்துவர் உண்மையாகவே வருந்தினார்.

“ஊத்தச் சொன்னதே நான்தான் சார். படிச்சுட்டுத்தான் சொன்னேன்.”

மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். “தீர்மானம் ஒருமனதா நிறைவேறணும். நீயும் குழுவுல ஒருத்திதானே, கையைத் தூக்கும்மா.”

தூக்கினேன். ஆணியிலிருந்து வெப்பமானி கழன்று வந்தது.

“ஏய், அதை எங்க கொண்டு போற? வெளிய சூடு!”

“கொட்டகைக்கு. காலையிலயே அங்க ஆணி அடிச்சுட்டுத்தான் இங்க வந்தேன். இனிமே எல்லாம் உங்க விதிப்படியே ஓடும்.”

“உன் வேலையும் போயிடும்!”

“தெரியும். அம்மாகிட்டயும் சொல்லிட்டேன். ரெண்டு நாள் பேச மாட்டா.”

கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு நடந்தேன். “கதவை மூடு, கதவை மூடு!” என்று குழு முதன்முறையாக ஒருமனதாக அலறியது. நடைபாதையிலேயே முள் கிடுகிடுவென ஏறிச் சிவப்பைத் தொட்டது.

குளிர வைத்தால் பசு கூடுதலாகப் பால் தரும். ஆய்வுகள் அடித்துச் சொல்கின்றன. இவர்களையும்தான் இத்தனை கோடை குளிர வைத்தோம். ஒரு சொட்டு இரக்கம் சுரக்கவில்லை.