மூன்று பக்கமும் நேசநாடு

சண்டைக்காரரைத் தூரத்தில் கண்டதுமே தெருவின் அந்தப் பக்கம் மாறிப் போய்விட நமக்குத் தெரியும். அவர் குரல் முன்னால் வரும், அவர் பின்னால் வருவார். ஆனால் எல்லோருக்கும் நல்லவர் என்று ஓர் இனம் இருக்கிறதே, அது வருவதே தெரியாது. சிரித்துக்கொண்டே வந்து, தோளில் கை போட்டு, நாம் சொல்வதற்கெல்லாம் தலையாட்டி, "உனக்கு இல்லாமலா?" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அடுத்த தோளைத் தேடிப் போய்விடும். கெட்ட இனம் இல்லை. தன்னைப் பார்த்து யாரும் முகம் சுளிக்கக் கூடாது, அதற்கு வேண்டியது அவ்வளவுதான். இந்தச் சின்ன ஆசையால் மூண்ட போர்கள் எத்தனை என்று யாருக்குத் தெரியும்?

மாதிரிக்கு ஒருவரைப் பார்ப்போம். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். காலையிலிருந்து மாலைவரை எதிரே இருப்பவரின் கண்ணுக்கு முன்னால் கண்ணாடிகளை மாற்றி மாற்றிப் போட்டு, "முன்ன போட்டதா, இப்ப போட்டதா, எது தெளிவா இருக்கு?" என்று கேட்பது அவர் வேலை. "ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு" என்று யாராவது சொன்னால் நம்மவருக்குப் பொறுக்காது. "நல்லாப் பாருங்க, ஏதாவது ஒண்ணச் சொல்லித்தான் ஆகணும்" என்பார். இருபத்திரண்டு வருடமாக ஊரையே இப்படித் தேர்ந்தெடுக்க வைத்தவர், சொந்த விஷயத்தில் இன்றுவரை எதையும் தேர்ந்தெடுத்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் வீட்டில் சாம்ராஜ்யங்கள் நடக்கும். கணினி விளையாட்டுதான். ஆளுக்கு ஒரு நாடு. நாலு குடிசையில் தொடங்கி, ஊர் அமைத்து, மதில் எழுப்பி, படை திரட்டி, சில ஆயிரம் வருடங்களைத் தள்ள வேண்டும். ஆடுபவர்கள் நான்கு பேர்: நம்மவர், வேதியியல் ஆசிரியையான அவர் மனைவி, மனைவியின் தம்பியான லிஃப்ட் மெக்கானிக், அடுத்த மாதம் ஓய்வு பெறப்போகும் நர்ஸான நம்மவரின் அக்கா. கணினி ஒன்றுதான், அதுவும் சமையலறைக்குப் பக்கத்திலிருக்கும் சின்ன அறையில். ஒருவர் தம் முறையை ஆடும்போது மற்ற மூவரும் திரையைப் பார்க்கக் கூடாது என்று வெளியே போய்விட வேண்டும். உண்மையான ராஜதந்திரம் நடந்தது அந்த வெளியில்தான்.

மனைவியைச் சமையலறையிலும், மைத்துனரைப் பால்கனியிலும், அக்காவைத் துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்திலும் தனித்தனியாக மடக்குவார் நம்மவர். உன்மேல் யார் படையெடுத்தாலும், நீ யார்மேல் படையெடுத்தாலும் நான் உன் பக்கம் என்பார். தம் முறை வந்ததும் அதையே கணினியிலும் ஒப்பந்தமாகப் பதிந்துவிடுவார்.

"வேற யார்கூடயும் இப்படி ஒப்பந்தம் போடலயே?" என்று மூவருமே கேட்டார்கள்.

"சேச்சே. உனக்கு இல்லாமலா?"

கேட்டது ஒன்று, சொன்னது ஒன்று. ஆனால் சொன்ன விதத்தில் அத்தனை பாசம் இருந்ததால் யாரும் கவனிக்கவில்லை.

இதோடு நின்றிருந்தால் விளையாட்டு விளையாட்டாகவே போயிருக்கும். அந்தச் சின்ன அறைமேல் மூவருக்கும் ஒரு கண் இருந்தது. விடைத்தாள்களைப் படுக்கைமேல் பரப்பித் திருத்தி அலுத்துப்போன மனைவிக்கு அங்கே ஒரு மேசை போட வேண்டும். மைத்துனருக்குத் தம் கருவிப் பெட்டிகளையும் கழற்றிப்போட்ட மோட்டார்களையும் வைக்க இடம் வேண்டும். அக்காவுக்கோ, மருத்துவமனைக் குடியிருப்பைக் காலி செய்ததும் தலை சாய்க்க வேறு இடமே கிடையாது. மூன்று பேருக்கும் நம்மவர் சொன்ன பதில் என்ன என்று நான் சொல்லவும் வேண்டுமா?

போர் வந்தது ஓர் இரும்புச் சுரங்கத்தால். தம்பி காப்பாற்றுவான் என்ற தைரியத்தில் அக்கா தம் எல்லைப் படையை வேறு பக்கம் அனுப்பியிருந்தார். மாமா துணைக்கு வருவார் என்ற தைரியத்தில் மைத்துனர் அந்த எல்லைக்குள்ளேயே நுழைந்து சுரங்கத்தைப் பிடித்தார். நம்மவர் ஊட்டிய தைரியம் இல்லாவிட்டால் இரண்டு பேரும் அவரவர் நாட்டில் மாடு மேய்த்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

அடுத்தது நம்மவர் முறை. உட்கார்ந்தார். உங்கள் நேசநாடுகள் இரண்டுக்குள் போர் மூண்டுவிட்டது, நீங்கள் யார் பக்கம் என்று கேட்டது திரை. இரண்டு பொத்தான்கள். இதுவா, அதுவா? மூன்றாவது பொத்தானைத் திரை முழுவதும் தேடினார்.

"மாமா, தூங்கிட்டீங்களா?" என்றது பால்கனி.

"யோசிக்கிறேன் மச்சான், யோசிக்கிறேன்."

அரைமணி யோசித்து, இரண்டையும் தொடாமல் தம் முறையை முடித்துவிட்டு எழுந்து வந்தார். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் இந்த இனத்தின் தேசிய கீதம். ஆனால் கணினிக்குத் தாட்சண்யம் கிடையாது. ஒருவர் ஒப்பந்தத்தைக் காப்பாற்றாவிட்டால், அவர் போட்ட எல்லா ஒப்பந்தங்களையும் அடுத்து ஆடுகிறவருக்குப் பட்டியல் போட்டுக் காட்டிவிடும். அடுத்து ஆடியவர் மனைவி.

"எல்லாரும் உள்ள வாங்க" என்றார் அவர், வகுப்பைக் கூப்பிடும் குரலில். "திரையப் பாக்கலாம். நான் சொல்றேன்."

பார்த்தார்கள். மூன்று ஒப்பந்தம், மூன்றும் ஒரே நாளில், எழுத்து மாறாமல்.

அக்காதான் முதலில் வாயைத் திறந்தார். "அப்போ அந்த ரூம்?"

"எந்த ரூம்?" என்றார் மைத்துனர்.

"இந்த ரூம்தான். எனக்குன்னு சொல்லியிருக்கான்."

"என்கிட்டயும் சொன்னாருங்க அண்ணி" என்றார் மனைவி.

மைத்துனர் மெதுவாக நம்மவர் பக்கம் திரும்பினார். நம்மவருக்கு முழி பிதுங்கியது. அக்காவின் முகம் வாடியதைப் பார்த்தபோது உண்மையிலேயே வெட்கமாகவும் இருந்தது. மூட்டை கட்டத் தொடங்கிவிட்டவர் அவர்.

"நீ கொஞ்சம் வெளிய இருடா" என்றார் அக்கா. தம் முறை இல்லாதபோது நம்மவர் வெளியே நிற்க வேண்டும் என்பதுதானே விதி.

கதவு சாத்திக்கொண்டது. நம்மவர் தன்னந்தனியாகப் பால்கனியில் நின்றார். ஒப்பந்தம் போட அங்கே ஒருவரும் இல்லை. பத்தே நிமிடம். இத்தனை வாரம் அவர் இழுத்தடித்ததை மூவரும் பேசி முடித்துவிட்டார்கள். அறை அக்காவுக்கு. அவர் வெளியே போயிருக்கும் மாலை நேரத்தில் ஜன்னலோர மேசை மனைவிக்கு. பரண் மைத்துனருக்கு. சுரங்கத்தைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. மூன்று படைகளும் சேர்ந்து நம்மவரின் தலைநகரை நோக்கிக் கிளம்பியும் ஆயிற்று. கணினி இனிமேல் கூடத்தில் செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில், போகிறவர் வருகிறவர் எல்லாரும் திரையைப் பார்க்கும்படி.

"நீங்க மூணு பேரும் ஒத்துமையா இருக்கணும்னுதான் நான் இவ்வளவும்..." என்று தொடங்கினார் நம்மவர். கணினியின் ஒயரை அவர் கையில் கொடுத்து, "பிடிங்க மாமா" என்றார் மைத்துனர்.

இதைப் படிக்கும்போதே உங்களுக்கு ஒருவர் ஞாபகம் வந்திருப்பார், சிரித்தும் இருப்பீர்கள். சந்தோஷம். அவரிடமும் இதைக் காட்டிச் சிரிக்கலாம். அதற்குமுன் ஒன்று மட்டும் நினைத்துப் பாருங்கள்: "உனக்கு இல்லாமலா?" என்று கடைசியாக யாரிடம் சொன்னீர்கள்? அதற்கு முந்தி யாரிடம்? இப்போது அந்த இரண்டு பேரும் எங்கே இருக்கிறார்கள்? சற்று முன்னால் உங்கள் வீட்டில் ஏதோ ஓர் அறையின் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டதே, அதையும் போய்ப் பார்த்துவிடுங்கள்.