வால்வு அண்ணாச்சியும் பெயரில்லாத படமும்

உலகத்திலேயே அருவியைத் திறந்து மூடியதாகக் குற்றம் சாட்டப்பட்ட ஒரே மனிதர் எங்கள் வால்வு அண்ணாச்சிதான். தென்காசியில் ஃப்ளெக்ஸ் போர்டு அடிக்கும் கடை வைத்திருந்தார். எதையும் ஊரைக் கேட்காமல் செய்யமாட்டார். ஒரு கல்யாண போர்டில் மாப்பிள்ளைக்கு மீசை வைக்கலாமா என்று வாட்ஸ்அப்பில் ஓட்டெடுப்பு நடத்தினார். மீசை ஜெயித்தது. மீசையில்லாமல் மழமழவென்று வந்து இறங்கிய நிஜ மாப்பிள்ளையை மண்டப வாசலில், "தம்பி பொண்ணு வீடா?" என்று கேட்டார்கள்.

அந்த வருஷம் ஆடி பிறந்தும் சாரல் இல்லை. குற்றால அருவியில் வெறும் பாறைதான். 'மேல எவனோ வால்வை அடைச்சுட்டான்' என்பது எங்கள் ஊரின் பழைய கிண்டல். அண்ணாச்சி அதைப் பிடித்துக்கொண்டு, 'வால்வு எங்கே?' என்று ஓர் இணையப் பக்கம் தொடங்கினார். யாரும் ஒரு படமும் ஒரு சந்தேகமும் அனுப்பலாம். கம்ப்யூட்டர் அவற்றைச் சிவப்புக் கோடுகளால் இணைத்துக்கொண்டே போகும். கடை வாசலில் பெரிய டிவியில் அது ஓடியது.

"ஒரு புரளி எப்படி வளருதுன்னு எல்லாரும் சேந்து வரைஞ்சு பாப்போம்லே. இது கலை" என்றார்.

சுந்தரபாண்டியபுரத்துக்காரர் ஒருவர் சூரியகாந்தி வயலை அனுப்பி, 'எல்லாப் பூவும் ஒரே பக்கம் பாக்குது. அதுகளுக்கு ஏதோ தெரியும்' என்று எழுதினார். அண்ணாச்சிக்கு ஒரே ஒரு சட்டம்: படத்துக்குக் கீழே அனுப்பியவர் பெயர் இருக்கும், எடுக்கவே மாட்டார். 'நாத்தனார் வந்த அன்னைக்குத்தான் தண்ணி நின்னுச்சு' என்று அவர் மனைவியே அனுப்பிவிட்டு, பிறகு பெயரை எடுக்கச் சொல்லிக் கெஞ்சினார். அண்ணாச்சி மறுத்துவிட்டார். ஒரு வாரம் ஹோட்டல் சாப்பாடு.

நானும் சும்மா இருக்கவில்லை. காட்சிக்கு வைக்க வாங்கிய பழைய வால்வுச் சக்கரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு அண்ணாச்சி ஐந்தருவிச் சாலையில் வந்தபோது படம் எடுத்து, 'அடைச்சுட்டு வாராரு' என்று எழுதி அனுப்பினேன். விழுந்து விழுந்து சிரித்துவிட்டு ஏற்றினார்.

யாரோ என் பெயரை வெட்டிவிட்டு, அந்தப் படத்தை மட்டும் ஊர் முழுக்கப் பரப்பினார்கள். சீசனை நம்பிக் கடை போட்ட நேந்திரம் சிப்ஸ்காரர் வந்து நின்றார்.

"வேய், கொஞ்சமாவது திறந்து விடும். எங்க பொழப்பு போகுது."

"அது விளையாட்டுல்லா!" என்றார் அண்ணாச்சி.

"விளையாட்டுக்கு எதுக்குவே சக்கரம்?"

பொறுமை போன வால்வு அண்ணாச்சி, சக்கரத்தை எடுத்து அந்தரத்தில் ஒரு சுற்றுச் சுற்றினார். "இந்தா, திறந்தாச்சு. போதுமா?"

அன்று சாயங்காலமே மலை கறுத்து, அருவி கொட்டோ கொட்டென்று கொட்டியது. சிப்ஸ்காரர் ஒரு கிலோ சிப்ஸோடு வந்து கும்பிட்டார். மூன்றாம் நாள் தண்ணீர் நின்றது. கடை வாசலில் கூட்டம் கூடிவிட்டது.

"கிண்டல்னா, படம் எடுத்தவனை வரச் சொல்லும். அவன் வாயால சொல்லட்டும்" என்றார் சிப்ஸ்காரர்.

நான் பின்வரிசையில் நின்றிருந்தேன். அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் என் செல்போனைப் பார்த்தேன்.

"எவன்னு மறந்துபோச்சு" என்றார் அவர்.

அதற்குப் பிறகு ஒரு போர்டுகூட அவருக்கு வரவில்லை. வீட்டு வாசல் வரைக்கும் ஏச்சு. ஆவணி முடிவதற்குள் கடையைக் காலிசெய்துவிட்டுக் கோயம்புத்தூர் போய்விட்டார். வழியனுப்பக்கூட நான் போகவில்லை. போக முகமில்லை.

அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது. போன வாரம் திறந்து பார்த்தேன். அவர் மனைவி பெயர் உட்பட எல்லாருடைய பெயர்களும் அப்படியே இருக்கின்றன. என் படத்துக்குக் கீழே மட்டும் வெற்றிடம்.

அந்த இடத்தில் என் பெயரைத் திரும்பப் போட்டுவிடுங்கள், அண்ணாச்சி. படம் எடுத்தவன் நான்தான்.